இருபத்தொன்பது அடி எட்டு அங்குலம்

லீட்டா ஸ்ட்ரௌட் அன்று அளவுநாடாவைக் கையில் எடுத்தது நெருப்புக்காக. பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு டிரெய்லரை அளக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை.

அவளுடைய அப்பா ராய்ஸுக்கு நுரையீரல் கெட்டு இரண்டரை வருஷமாகிறது. பகலில் தோளில் ஒரு சின்ன சிலிண்டர், இரவில் கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். மூக்கில் குழாய் இருக்கும்போது விறகு நெருப்புக்குப் பத்தடிக்குள் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அக்டோபர் முதல் வாரம் பென்னர் ஏரிக்கரையில் அவருடைய நாற்காலியை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு முற்றத்தில் செங்கல் அடுக்கி வைத்து அளந்துகொண்டிருந்தாள். கதவு இங்கே, நெருப்பு அங்கே, நாற்காலி நடுவில். நோட்டில் எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு, டிரெய்லரையும் சரியான நீளத்தில் வரைந்துவிடலாமே என்று தோன்றியது. பின் பம்பரில் நாடாவின் கொக்கியை மாட்டிவிட்டு முன்பக்கம் நடந்தாள்.

இருபத்தொன்பது அடி எட்டு அங்குலம்.

கொக்கி நழுவியிருக்கும் என்று மறுபடி அளந்தாள். அதே எட்டு அங்குலம்.

டிரெய்லரின் பக்கவாட்டில் நீலப் பெயின்டில் 26 என்று முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. ஏப்ரலில், ஏரிக்கரை முகாமில் இடம் பதிவு செய்யும் இணையப் பக்கம் திறந்த காலை ஏழு மணிக்கு, வண்டியின் நீளம் என்ன என்று கேட்ட கட்டத்தில் அவள் போட்டதும் அந்த இருபத்தாறைத்தான். அது கம்பெனிக்காரன் உள்ளறைக்கு வைத்த கணக்கு. பிக்கப்போடு பூட்டுகிற முன்கம்பி, பின் பம்பர், அதன்மேல் தொங்கும் ஸ்டெப்னி எதுவும் அதில் சேர்த்தி இல்லை. அவளுக்குக் கிடைத்த பதினாலாம் நம்பர் இடத்தில் இருபத்தெட்டு அடிக்கு மேல் நிறுத்த முடியாது.

"என்னம்மா, டிரெய்லர் வளந்துடுச்சா?" சமையலறை ஜன்னலிலிருந்து அப்பா கேட்டார்.

"நாற்காலிக்கு அளக்குறேன்ப்பா."

"என் நாற்காலி அவ்வளவு நீளமா? நான் என்ன ராஜாவா?"

அவள் சிரித்துவைத்தாள். நாடா சரசரவென்று சுருண்டு உள்ளே போய் விரலில் அடித்தது.

பத்தொன்பது வருஷம் ராய்ஸும் அவர் அண்ணன் மெர்லும் அக்டோபர் முதல் வாரத்தை அந்த ஏரிக்கரையில்தான் கழித்தார்கள். மிசௌரியின் ஓசார்க் மலைகளில் இலை பழுத்து நிறம் மாறுகிற வாரம் அது. போன இரண்டு அக்டோபரிலும் ராய்ஸ் போகவில்லை. இந்த வசந்தத்தில் டாக்டர் ஒப்புக்கொண்டார், ஆனால் ராத்திரி முழுக்க மெஷினுக்குக் கரண்ட் இருக்க வேண்டும் என்றார். ராய்ஸும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"போனா என் டிரெய்லர், என் படுக்கை. மெர்ல் வண்டி சோஃபாவுல நோயாளி மாதிரி படுத்துக்கிட்டு, அவன் பேரப்புள்ளைங்க என்னைத் தாண்டித் தாண்டிப் போறதுக்கு நான் வரமாட்டேன். இந்த வருஷமும் இல்லேன்னா அதை வித்துத் தொலைச்சுடலாம். வாசல்ல நின்னு தினம் என் முகத்தைப் பாக்குது."

அன்றிலிருந்து டிரெய்லரின் கூரைக்கு மெழுகு போட ஆரம்பித்தார். பத்து நிமிஷம் தேய்ப்பார், பத்து நிமிஷம் ஏணிக்குக் கீழே உட்காருவார். கோடை முழுக்க அந்த வேலை நடந்தது.

லீட்டா பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்மேசையில் உட்காருகிறவள். வயது இருபத்தாறு. எதையும் ஒரு தடவை சரிபார்த்தால் அவளுக்குப் போதாது. மெஷினின் பிளக் ஏரிக்கரைக் கம்பத்தில் பொருந்துமா, கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம் என்று நாற்பத்தொரு வரி எழுதி, எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தாள். நீளத்துக்கும் டிக் இருந்தது. பெரிதாகப் பெயின்டில் எழுதிவைத்ததை யார் சந்தேகப்படுவார்கள் என்று ஒரு மனம் சொன்னது. நீதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்றது இன்னொரு மனம்.

அன்று மாலையே கம்ப்யூட்டரில் தேடினாள். கரண்ட் உள்ள இடம் ஒன்றுகூட இல்லை. மேட்டின் உச்சியில் நாற்பதடி இடங்கள் காலியாகக் கிடந்தன, ஆனால் அங்கே கரண்ட் கிடையாது. ஜெனரேட்டரை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஓட்டக்கூடாது. அப்பாவுக்கு அது வேண்டிய நேரமே அதுதான்.

சனிக்கிழமை, ஒயர் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு ஏரிக்கு வந்தாள். பக்கத்து இருக்கையில் அளவுநாடா.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் வெர்லா கோம்ப்ஸ் கோல்ஃப் வண்டியில் வந்து நின்றாள். எழுபது வயது, ஆரஞ்சு நிறத் தொப்பி. கோடை வந்தால் தன் டிரெய்லரை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு, வருகிறவர்களை அதட்டுவதும் அவர்களுக்கு உதவுவதுமாகப் பதினொரு வருஷமாக அங்கே இருக்கிறவள்.

லீட்டா பெயரைச் சொன்னதும், "ஸ்ட்ரௌட்டா? மெர்லுக்கு நீ என்ன உறவு?" என்றாள்.

"பெரியப்பா. நான் ராய்ஸ் பொண்ணு, மிஸ் வெர்லா."

"அடிப்பாவி! ராய்ஸ் பொண்ணா? நாலு மணிக்கே காப்பி போடுறேன்னு பாத்திரத்த உருட்டி ஊரையே எழுப்புவானே! ரெண்டு வருஷமா நிம்மதியாத் தூங்கினோம். உயிரோட இருக்கானா?"

"இருக்காரு. வர்றதாத்தான் இருக்காரு." லீட்டா விஷயத்தைச் சொன்னாள்.

வெர்லா தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தாள். "எல்லாரும் இதைத்தானே பண்றீங்க. நீளம் கேட்டா பக்கத்துல பெயின்ட்ல இருக்குறத எழுதிடறது. வயசு கேட்டா சட்டை சைஸைச் சொல்ற மாதிரி."

"ஒரு தடவை அளந்து பாத்துடலாமா?"

"மூணு தடவை அள. பாறை நகராது, கண்ணு."

பாறை நகரவில்லை. பதினாலாம் நம்பருக்குப் பின்னால் ஆள் உயரச் சுண்ணாம்புப் பாறை, முன்னால் தார் ரோடு. இரண்டுக்கும் நடுவே இருபத்தெட்டு அடி ஒரு அங்குலம்.

"மூக்கு ரோட்டுல நிக்கும்," என்றாள் வெர்லா. "இருட்டோட மீன் பிடிக்கப் போறவன் எவனாவது வந்து முட்டுவான். நான் கண்ண மூடிக்கிட்டாலும் கேட்டுல இந்த வருஷம் புது ஆளு. கையில நாடாவோட நிக்கிறான். போன வாரம் ஒருத்தரை பொண்டாட்டி, நாய், படகு எல்லாத்தோடயும் திருப்பி அனுப்பிட்டான்."

லீட்டா பாறையின் மேல் உட்கார்ந்தாள். கீழே ஏரி பச்சையாக மலைகளுக்குள் வளைந்து வளைந்து போயிற்று. அப்பாவிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று யோசித்தாள்.

வெர்லா கோல்ஃப் வண்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து விரலால் வரிவரியாகத் தடவினாள். "பன்னெண்டு. முப்பத்திநாலு அடி, கரண்ட் உண்டு. அங்க அந்த வாரம் வர்ற டிரெய்லர் வெறும் பதினேழு அடி. முட்டை மாதிரி இருக்கும்."

"யாரு அவங்க?"

"சொல்லக்கூடாது. சட்டம்." வெர்லா போனை எடுத்தாள். "ஆனா நான் கூப்பிடக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. ஹலோ, ஹாய்ட்? வெர்லா. இல்ல, யாரும் சாகல. ஸ்பீக்கர்ல போடறேன், ஒழுங்காப் பேசு."

மறுமுனையில் ஹாய்ட் கெட்சம் என்கிற அந்த ஆள் முழுக்கதையையும் கேட்டார்.

"பதினொரு வருஷமா நாங்க பன்னெண்டுலதான் நிக்கிறோம்," என்றார். "அந்த ஓக் மரத்துல என் வலை ஊஞ்சல் கட்டின தழும்பே இருக்கு."

"புரியுது மிஸ்டர் கெட்சம். கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு," என்றாள் லீட்டா.

"பொறு பாப்பா. ரேலீன்! பதினாலாம் நம்பர் தெரியுமா உனக்கு?"

தூரத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "தண்ணி ஓரமா இருக்கே, அதுவா? பத்து வருஷமா அதைத்தான் கேக்குறேன். உங்க ஊஞ்சல் விட்டாத்தானே! ஏன், கிடைக்குமா?"

"சரி, முடிஞ்சுது," என்றார் ஹாய்ட். "இந்த வீட்டுல என் ஊஞ்சலுக்கு ஓட்டுரிமை இல்ல."

ஆனால் மாற்றிக்கொள்வது வாய்ப்பேச்சால் முடிகிற காரியமில்லை என்று வெர்லா விளக்கினாள். பதிவெல்லாம் கம்ப்யூட்டரில், வேறெங்கோ நடக்கிறது. ஒருவர் ரத்து செய்தால் அந்த இடம் அந்த நொடியே ஊருக்கெல்லாம் திறந்துவிடும். இலை பழுக்கிற வாரத்தில் காலியான இடம் ஒரு நிமிஷம்கூட நிற்காது. போனில் மணி வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்கள் ஆயிரம் பேர்.

"அப்போ எல்லாரும் வேற வேலையா இருக்குற நேரம் பாக்கணும்," என்றார் ஹாய்ட். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பதினொண்ணே கால். மெத்தடிஸ்ட் சர்ச்சுக்காரங்க பதினொண்ணரைக்கு வெளிய வந்துடுவாங்க. பாப்டிஸ்ட்டுங்க பன்னெண்டு வரைக்கும் உள்ளதான். டிரெய்லர் வெச்சிருக்குற பாதி மிசௌரி அப்ப பிரசங்கம் கேட்டுக்கிட்டு இருக்கும்."

"நீங்க?"

"நானும்தான். நைசா வெளிய வந்துடறேன். நான் முதல்ல விடறேன், நீ புடிச்சுக்கோ. அப்புறம் நீ விடு, நான் புடிச்சுக்கறேன்."

"நடுவுல வேற யாராவது எடுத்துட்டா?"

"எடுத்துட்டா நான் வீட்டுல படுத்துக்கறேன். எனக்கு மூச்சு விடக் கரண்ட் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை லீட்டா தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அப்பா சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்லப்பா. தூங்கினாச் சரியாயிடும்."

"நாலு நாளா உனக்கு மூஞ்சே சரியில்ல," என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்குக் கிளம்பினார். பிக்கப் தெருமுனை திரும்பும்வரை படுத்திருந்துவிட்டு லீட்டா எழுந்து, கம்ப்யூட்டரோடு டிரெய்லருக்குள் போய் மேசையில் உட்கார்ந்தாள். பதினொன்று பத்துக்குப் போன் அடித்தது.

"பாப்பா, கார் நிறுத்துற இடத்துல இருக்கேன்." ஹாய்ட் கிசுகிசுத்தார். பின்னால் மெல்லிசாகப் பியானோவும் பாட்டும் கேட்டன. "ஒரு சின்னச் சிக்கல். ரேலீன் பியானோ வாசிக்கிறா. என் கண்ணாடி அவ பையில."

"ஐயோ. பட்டன் தெரியுதா?"

"பச்சையா ஒண்ணு, சிவப்பா ஒண்ணு தெரியுது."

"சிவப்பை அழுத்துங்க. ஆனா நான் சொன்ன பிறகு."

அவள் பக்கத்தைத் திறந்து, பன்னிரண்டாம் நம்பருக்கு நேராக அம்புக்குறியை வைத்தாள். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். நீளம் என்ற கட்டத்தில் முப்பது என்று ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். அதைத் தொட்டுத் தொட்டு மூன்று தடவை பார்த்தாள்.

"இப்போ, மிஸ்டர் கெட்சம்."

"அழுத்திட்டேன். நிச்சயமான்னு கேக்குது. நிச்சயம்டா, அறிவுகெட்டதே. போயிடுச்சு!"

அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். பன்னிரண்டு சிவப்பாகவே இருந்தது. இன்னொரு தடவை புதுப்பித்தாள். பச்சை. அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வரி வந்தது: இந்த இடத்தை இப்போது வேறொருவர் பதிவு செய்துகொண்டிருக்கிறார்.

"என்னாச்சு?"

"யாரோ எடுத்துட்டாங்க." அவள் மறுபடி பட்டனை அழுத்திப் பார்த்தாள். "எட்டு செகண்ட் கூட ஆகல."

"ஞாயித்துக்கிழமை பதினொண்ணே காலுக்கா? சர்ச்சு பக்கமே போகாத எந்த நாத்திகன்டா அவன்!"

அந்த வேறொருவர் பாதியில் மனம் மாறினால் இடம் திரும்பி வரும். கால்மணி நேரம் கெடு. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஹாய்ட் காருக்குள் பெருமூச்சு விடுவது கேட்டது. லீட்டா நிமிஷத்துக்கு நாலு தடவை பக்கத்தைப் புதுப்பித்தாள். பதினொன்று இருபத்திரண்டுக்குப் பன்னிரண்டாம் நம்பர் மறுபடி சிவப்பானது. யாரோ பதிவை முடித்துவிட்டார்கள்.

தான் என்ன செய்துவிட்டாள் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. தன் இடத்தைக் கோட்டைவிட்டதோடு நிற்காமல், முகம் தெரியாத ஒரு ஆளின் பதினொரு வருஷ இடத்தையும் பிடுங்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். பதினாலு இன்னும் அவள் பெயரில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டால் இன்னும் பதினைந்து நாளில் வேறு யாராவது நீள இடத்துக்காரர் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கலாம். கையில் ஒன்றுமில்லாதவளிடம் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். இதை யோசிக்க அவளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வெட்கப்பட்டாள்.

"மிஸ்டர் கெட்சம், பதினாலை விடறேன். நீங்க புடிங்க."

"வேண்டாம் பாப்பா. அதை விட்டுட்டா உனக்கு ஒண்ணுமே இல்ல."

"எங்க வண்டி அதுல நிக்காது. உங்க வண்டி நிக்கும். பச்சைப் பட்டன் மேல விரலை வைங்க."

"உங்கப்பா..."

"வைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அவள் அழுத்தினாள். காரில் ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. "யாருகூடப் பேசுறீங்க, காணிக்கை எடுக்குற நேரத்துல?" என்றது ரேலீனின் குரல். "கொடு, கொடு அந்தக் கண்ணாடிய!" என்றார் ஹாய்ட். பிறகு, "கிடைச்சுடுச்சு. பதினாலு எங்க பேருக்கு வந்துடுச்சு. பாப்பா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்லாப் போயிட்டு வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. நோட்டைத் திறந்து நாற்பத்தொரு டிக்குகளையும் பார்த்துவிட்டு மூடினாள். பன்னிரண்டே காலுக்கு வாசலில் பிக்கப் வந்து நின்றது. வறுத்த கோழி வாங்கினால் வரும் அட்டைப்பெட்டி ஒரு கையிலும் இன்னொரு கை கைப்பிடியிலுமாக அப்பா டிரெய்லரின் இரண்டு படிகளையும் நிதானமாக ஏறினார். மேலே வந்து மூச்சு சீராகும் வரை கதவில் சாய்ந்து நின்றார்.

"தலைவலி இங்க வந்து உக்காந்துக்கிட்டா போயிடுமா?"

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் தப்புப் பண்ணிட்டேன். நீளம்..."

"இருபத்தொம்போது எட்டு," என்றார் ராய்ஸ்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வியாழக்கிழமை நீ ரெண்டாவது தடவை அளக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. பல்லு பிடுங்க வந்த ஆளு மாதிரி நின்ன. நீ தூங்கப் போனதும் நானும் போய் அளந்தேன்." எதிர் இருக்கையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். "சாப்பிடு. சூடா இருக்கு."

"நான் எப்படிப்பா சாப்பிடறது? நம்மகிட்ட இப்ப இடமே இல்ல. பதினாலையும்..."

"முழுசாச் சொல்ல விடு. பெரிய இடம் ஏதாவது காலியானா என் போன் நடுங்குற மாதிரி மெர்லோட பேத்திகிட்ட சொல்லி வெச்சுக்கிட்டேன். இன்னைக்கு பாஸ்டர் 'ஜெபம் பண்ணுவோம்'னு சொல்லி எல்லாரும் கண்ண மூடியிருக்கோம். பாக்கெட்டுல அது தேனீக் கூடு மாதிரி அடிக்குது. வரிசையே திரும்பிப் பாக்குது. நான் தலையைக் குனிஞ்ச மாதிரியே எடுத்துப் பாத்தா..." அவர் போனை மேசைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். "பன்னெண்டு! முப்பத்திநாலு அடி! கரண்டோட! எந்த மடையன் அக்டோபர்ல பன்னெண்டாம் நம்பரை விடுவான்? ஜெபம் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் நிரப்பிட்டேன். ஆமென்னு சொல்லி அழுத்தினேன்."

லீட்டா போனைப் பார்த்தாள். ராய்ஸ் ஸ்ட்ரௌட். இடம் 12. நீளம் 30. புதன் முதல் ஞாயிறு வரை. மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்குவதைப் பார்த்து அப்பா கோழித் துண்டைக் கீழே வைத்தார்.

"ஏய், என்னடி? சந்தோஷமான விஷயம்தானே சொன்னேன்?"

அவள் தலையைத் தூக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "அந்த நாத்திகன் நீங்கதானா?"

"நான் ஏன்டி நாத்திகன்?"

முதலிலிருந்து சொன்னாள். ஒயர் வாங்கப் போகிறேன் என்றது, வெர்லா, பாறை, ஹாய்டின் ஊஞ்சல், சிவப்புப் பட்டன், எட்டு செகண்ட், கடைசியில் பதினாலை விட்டது எல்லாம். ராய்ஸ் கேட்கக் கேட்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் அடங்கி மறுபடி சிரிப்பாயிற்று.

"சொந்த மகளோட போட்டி போட்டு ஜெயிச்சிருக்கேன், அதுவும் சர்ச்சுல உக்காந்துக்கிட்டு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஏப்ரல்லயே நான் அளந்திருக்கணும்ப்பா. நாற்பத்தொரு வரி எழுதினேன், நாடாவ மட்டும் எடுக்கல."

"நான் மட்டும் எடுத்தேனா? பத்தொம்போது வருஷமா நானும் இருபத்தாறுன்னுதான் போட்டேன். நாம நின்ன இடமெல்லாம் தற்செயலாப் பெருசா இருந்துச்சு, அவ்வளவுதான். உனக்கு ஒரு வருஷத்துல தெரிஞ்சுது." அவர் ஒரு கோழிக்காலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். "அந்த ஆளு நம்பரைக் கொடு. பாவம், நமக்கு எதுவும் கிடைக்கலைன்னு நெனச்சுக்கிட்டு அங்க உக்காந்திருப்பான்."

போனில் ஹாய்ட் போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே லீட்டாவுக்குக் கேட்டது. ரேலீன் பின்னாலிருந்து, "யாரு? யாருன்னு சொல்லுங்களேன்!" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராய்ஸ் எழுந்து படியிறங்கி முற்றத்துக்குப் போனார். ஊஞ்சலை ஹாய்ட் வழக்கம்போல அந்த ஓக் மரத்திலேயே கட்டிக்கொள்ளலாம், தினம் மத்தியானம் வந்து படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அப்புறம் ஹாய்ட் எந்தத் தூண்டிலுக்கு எந்த மீன் என்று ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"அக்டோபர்லயா? மேல் தண்ணியிலயா? போய்யா, உனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்!"

லீட்டா இரண்டு கோழித் துண்டுகளைச் சாப்பிட்டாள். மூன்றாவதையும் எடுத்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் எதையும் ருசித்துச் சாப்பிடவில்லை. விரல்களைத் துடைத்துவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் இருந்த நீளமான இருக்கையில் காலை நீட்டிப் படுத்தாள். ஜன்னல் வழியே வெயில் முழங்கால்மேல் விழுந்தது. வெளியே அப்பா டிரெய்லரைத் தொட்டுப் பிடித்து நடந்தபடி, மூச்சு வாங்கும்போது நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து வாதாடிக்கொண்டிருந்தார். கதவைத் தாழிட்டோமா, பிக்கப் சாவி எங்கே என்று ஒரு தடவை நினைத்தாள். எழுந்து பார்க்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.